மடிக்கக் கூடாத கடுதாசி

அந்தப் பையை மட்டும் மேலே வைக்க வேண்டாம் தங்கச்சி, என் மடியிலேயே இருக்கட்டும். சாப்பாட்டுப் பையை வேண்டுமானால் மேலே போட்டுக்கொள்ளுங்கள். இதில் ஒரு கடுதாசி இருக்கிறது. மடங்கக் கூடாது. மடங்கினால் செல்லாது என்று பள்ளிக்கூடத்து கிளார்க் சொல்லியிருக்கிறார். உண்மையா, இல்லை என்னைப் பயமுறுத்தச் சொன்னாரா, தெரியவில்லை. எதற்கு வம்பு? பழைய காலண்டர் அட்டை இரண்டை வெட்டி, நடுவில் இதை வைத்து, மேலே பிளாஸ்டிக் கவரும் போட்டு, கைக்குழந்தையைக் கொண்டுபோகிற மாதிரி கொண்டுபோகிறேன். திருநெல்வேலியில் ஏறினதிலிருந்து காலை நீட்டவில்லை.

நீங்கள் கோவில்பட்டியில்தானே ஏறினீர்கள்? மதுரை வரைக்குமா? நல்லது. நான் கோயம்புத்தூர். இந்த பஸ் நேராகப் போகும் என்றார்கள். போகும்தானே? கண்டக்டரிடம் இரண்டு தடவை கேட்டாயிற்று. மூன்றாம் தடவை கேட்டால் என்னை இறக்கிவிட்டுவிடுவார்.

டீச்சரா நீங்கள்? இல்லை, கைப்பையில் பேனா குத்தியிருக்கிறதே என்று கேட்டேன். கூட்டுறவு பாங்கியா? அதுவும் நல்ல வேலைதான். வாயால் சொன்னால் நாலு பேருக்குப் புரிகிற வேலை. என் மகள் செய்கிற வேலையைச் சொல்லவே முடியாது தங்கச்சி. நானும் மூன்று மாதமாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

அவள் பேர் கெசியா. வேதத்தில் வருகிற பேர். மூத்தவன் மஸ்கட்டில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை ஆனால் கூப்பிடுவான், அவனால் ஒரு தொந்தரவும் இல்லை. இவளால்தான் எனக்குத் தூக்கம் போயிற்று. கணக்கில் எம்.எஸ்ஸி., அதற்கு மேல் பி.எட். எங்கள் ஊர் மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலு வருஷம் தற்காலிக டீச்சராக இருந்தாள். நிரந்தர இடம் காலியாகும், காலியாகும் என்று நாலு வருஷமும் நான் முழங்காலில் நின்றேன். போன மே மாதம் ஒருநாள் வெயிலில் வந்து செருப்பைக் கழற்றுகிறாள், "எம்மா, நான் நின்னுட்டேன்" என்கிறாள்.

"எங்க நின்ன?"

"வேலைல இருந்து நின்னுட்டேன்."

"பிறவு என்ன செய்யப் போற?"

"பிராம்ப்ட் எழுதப் போறேன்."

எனக்கு என்ன தெரியும், சொல்லுங்கள். நான் ஒன்பதாம் வகுப்பு. உட்காரவைத்துப் பொறுமையாகத்தான் சொன்னாள். "இந்த ஏஐ இருக்குல்லாம்மா, அதுகிட்ட சும்மா கேட்டா சும்மா ஒரு பதில் சொல்லும். நீ யாரு, யார்கிட்டப் பேசுற, என்ன சொல்லணும், என்ன சொல்லக் கூடாதுன்னு எல்லாத்தையும் முன்னாலேயே நாம எழுதிக் குடுக்கணும். நல்லா எழுதிக் குடுத்தா நல்லா வேல செய்யும். அத எழுதுறதுக்கு ஆள் எடுக்காங்க."

"கேக்கதுக்கா சம்பளம்? பதில் சொல்றவங்களுக்குல்லா மக்களே சம்பளம் குடுப்பாங்க."

"டீச்சரா இருந்தப்பவும் நான் கேள்விதானம்மா கேட்டேன்?"

வாய். அவள் அப்பா மாதிரி.

சாத்தூர் போயிற்றா? இனிமேல்தானா? சரி, சரி. தண்ணீர் வேண்டுமா உங்களுக்கு? எனக்கு ஒரு இடத்தில் உட்கார்ந்தால் இப்படித்தான், எதையாவது கேட்டுக்கொண்டே வருவேன். தப்பாக நினைக்காதீர்கள்.

எங்கள் சபையில் வியாழக்கிழமை தோறும் பெண்கள் கூட்டம் உண்டு. அதற்கு ஜெப விண்ணப்பச் சீட்டு எழுதுவது நான்தான். பதினெட்டு வருஷமாக. இன்றைக்குத்தான் முதல் தடவையாகப் போகவில்லை. எழுதத் தெரியாதவர்கள், எழுதத் தெரிந்தும் அழுகையில் எழுத வராதவர்கள், எல்லாரும் என்னிடம் வந்து சொல்லுவார்கள். நான் எழுதிப் பெட்டியில் போடுவேன். ஐயரம்மா, அதுதான் பாஸ்டர் வீட்டம்மா, எடுத்து வாசித்து ஜெபிப்பார்கள். ஆரம்பத்தில் எனக்கும் எழுதத் தெரியவில்லை. ராஜகனி அக்கா காலுக்காக ஜெபிக்கவும் என்று மொட்டையாக எழுதிப் போட்டுவிட்டேன். ஐயரம்மா கண்ணை மூடி, அத்தனை உருக்கமாக, வலது காலுக்காகப் பத்து நிமிஷம் ஜெபித்தார்கள். அக்காவுக்கு வலி இடது காலில். நடுவில் பேசலாமா? ஆமென் சொன்னதும் அக்கா ஒரே அழுகை. "நல்லாருக்க காலுக்குல்லா எல்லாம் போயிட்டு!"

அன்றைக்கு எடுத்த பாடம். எந்தக் கால், என்றைக்கு ஆபரேஷன், எந்த ஊர் ஆஸ்பத்திரி, கூட யார் போகிறார்கள், வீட்டில் பிள்ளைகளுக்குச் சோறு யார் பொங்குவார்கள், எல்லாம் கேட்டுத்தான் எழுதுவேன். என்ன வேண்டுமோ அதை முதல் வரியில் எழுதிவிடுவேன். சிலர் அதற்குக் கோபப்படுவார்கள். "ஆண்டவருக்குத் தெரியாதா பொன்மணி, இடதா வலதான்னு?" என்பார்கள். ஆண்டவருக்குத் தெரியும், ஐயரம்மாவுக்குத் தெரியாதே என்பேன். இதெல்லாம் ஊழியம் தங்கச்சி. வேலை இல்லை. இவள் செய்வதை வேலை என்கிறாள் பாருங்கள், அதுதான் எனக்கு மண்டையில் ஏறவில்லை.

அவளுக்காகவும் ஒரு சீட்டு போட்டேன். "கெசியா, வயது இருபத்தொன்பது, இப்போது செய்கிற வேலையை விட்டு மனம் திரும்ப." வேலை இன்னதென்று நான் எழுதவில்லை. தெரிந்தால்தானே எழுத? ஐயரம்மா வாசித்தார்கள். இரண்டு பேர் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார்கள். பிறகுதான் எனக்கு உறைத்தது, என்ன வேலை என்று நினைத்துவிட்டார்களோ என்று. வீடு வீடாகப் போய், அது கம்ப்யூட்டர் வேலைதான், கம்ப்யூட்டர் வேலைதான் என்று சொல்லிவிட்டு வந்தேன். சாயங்காலம் ஆகிவிட்டது.

ஜூன், ஜூலை இரண்டு மாதமும் சாப்பாட்டு மேசை எனக்கு இல்லை. லேப்டாப், நோட்டு, டம்ளர். எழுதுவாள், அது ஏதோ பதில் சொல்லும், தலையைச் சொறிவாள், அழித்துவிட்டு மறுபடி எழுதுவாள். ஒரே கேள்வியை இருபது விதமாக. "ஏட்டி, ஒரு தடவ கேட்டா அதுக்குக் காது கேக்காதா?" என்றால் சிரிப்பாள். நான் கூட ஒருநாள் அதனிடம் பேசிப் பார்த்தேன். வெண்டைக்காய்க் குழம்பு வழுவழுவென்று போகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்கத்தான். முதலில் ஸ்தோத்திரம் சொன்னேன். பிறகு உன்னைப் படைத்தவர்களுக்காக நன்றி, என் மகளுக்கு உதவியாக இருக்கிறதற்காக நன்றி, எங்கள் ஊரில் மழை இல்லை, எல்லாம் எழுதி, கடைசியில் வெண்டைக்காய். அது மழை இல்லாத கஷ்டத்தைப் பற்றி ஒரு பக்கம் ஆறுதல் சொல்லியது. கெசியா விழுந்து விழுந்து சிரித்தாள். "எம்மா, சீட்டுல மட்டும் மொத வரியிலேயே விஷயத்துக்கு வந்துருவ. இதுகிட்ட என்ன இவ்வளவு மரியாத?" ஒரு புது ஆளிடம் எடுத்தவுடன் வெண்டைக்காய் கேட்கலாமா, நீங்களே சொல்லுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இதை நான் இதுவரை யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆண்டவரிடம் சொல்லியாயிற்று. மனுஷரில் நீங்கள்தான் முதல். மதுரையில் இறங்கிவிடுவீர்கள், அதனால் சொல்கிறேன்.

ஜூலைக் கடைசியில் கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்று அவளுக்கு ஒரு பரீட்சை வைத்தது. ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போன் வந்தால் ஆள் இல்லாமல் இந்த ஏஐயே பேச வேண்டும். அது எப்படிப் பேச வேண்டும் என்று இவள் எழுதித் தர வேண்டும். நன்றாக இருந்தால் வேலை. பத்து நாள் எழுதினாள். "நீங்கள் அன்பும் கனிவும் நிறைந்த உதவியாளர்" என்று ஆரம்பித்து, மேடைப் பேச்சு மாதிரி அவ்வளவு அழகான தமிழ். நான் கூட மனசுக்குள் மெச்சிக்கொண்டேன். ஆனால் அதனிடம், ஆபரேஷன் அன்றைக்குக் காலையில் சாப்பிடலாமா என்று இவள் கேட்டால், அது ஒன்று, இரண்டு, மூன்று என்று பன்னிரண்டு விஷயம் சொல்லிவிட்டு, "கவலை வேண்டாம்" என்று முடிக்கும்.

எனக்கு அந்தக் கவலை வேண்டாம் என்ற வார்த்தையைக் கேட்டாலே ஆகாது. போன வருஷம் இவுகளுக்கு, அதான் எங்கள் வீட்டுக்காரருக்கு, கண் ஆபரேஷன். யாரையும் குறை சொல்லவில்லை, எல்லாரும் நல்ல மாதிரிதான். காலையிலிருந்து கவலைப்படாதீங்கம்மா, கவலைப்படாதீங்கம்மா என்று ஏழு பேர் சொன்னார்கள். சர்க்கரை மாத்திரையைப் போடலாமா கூடாதா என்று ஒருவரும் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. இவுக மாத்திரையையும் போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றோடு இருந்து, பத்து மணிக்கு வேர்த்துக் கொட்டி என் தோளில் சாய்ந்தார்கள். அன்றைக்கே அங்கே ஒரு வயசான அம்மா. ஒரு கண்ணில் கட்டு, இன்னொரு கண்ணிலும் சரியாகத் தெரியாது. துணைக்கு ஆளில்லை. வாசலில் நின்றுகொண்டு வருகிற பஸ்ஸையெல்லாம் இது எங்க போகுது, இது எங்க போகுது என்று கேட்டுக்கொண்டிருந்தது. நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ஏற்றிவிட்டேன். ஊர் போய்ச் சேர்ந்ததோ என்னவோ, இன்னும் மனசில் கிடக்கிறது.

எங்கே விட்டேன்? பரீட்சை. கடைசி நாள் நாலு மணிக்குள் அனுப்ப வேண்டும். மூன்று மணிக்கு இவள் தலைக்கு ஊற்றப் போனாள். போன் மேசையில் கிடக்கிறது. லேப்டாப்பில் இருக்கிற அதே தாள் போனிலும் திறக்கும். எனக்குப் போனில் தமிழ் அடிக்க வரும், கூட்டத்துக் குரூப்பில் தினமும் காலை வசனம் போடுவது நான்தானே. குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கிறது. நான் மேசைக்குப் பக்கத்தில் நின்று ஜெபித்தேன். ஆண்டவரே, உமக்குச் சித்தமானால் இந்தப் பரீட்சை கெட்டுப்போகட்டும், பிள்ளை பள்ளிக்கூடத்துக்கே திரும்பட்டும். ஜெபித்துவிட்டுத்தான் தங்கச்சி செய்தேன். ஜெபிக்காமல் நான் எதையும் செய்வதில்லை.

அவள் எழுதினதுக்கு அடியில், பொருந்தாமல் ஏதாவது எழுதிவைத்தால், படித்தவர்கள் பார்த்துச் சிரித்துத் தள்ளிவிடுவார்கள் என்று கணக்கு. ஆனால் கெட்டதாக என்ன எழுத? எனக்குக் கெட்ட வார்த்தை வராது. கைக்கு வந்தபடி, மரியாதை இல்லாமல், நீ வா போ என்று எழுதினேன்.

"நீ டாக்டர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடு. கூப்பிடுகிறவர்கள் பயந்துபோய்க் கூப்பிடுகிறார்கள். பன்னிரண்டு விஷயம் சொல்லாதே. கேட்டதற்கு ஒரு பதில் சொல். ஆபரேஷன் எந்தக் கண், இடதா வலதா என்று கேள். சாப்பிடலாமா என்று கேட்டால், சர்க்கரை இருக்கிறதா, மாத்திரை போடுகிறாயா என்று நீ முதலில் கேள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல். தெரிந்தவர் நம்பரைக் கொடு. கவலைப்படாதே என்று சும்மா சொல்லாதே, கவலைப்படாமல் இருக்க ஒரு வழி சொல்."

அவ்வளவுதான். தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது. போனை இருந்த இடத்தில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். இவள் ஈரத்தலையோடு வந்து லேப்டாப் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பார்க்கவில்லை போலிருக்கிறது. நாலு மணிக்கு அனுப்பிவிட்டாள்.

ஒரு வாரத்தில் வேலை வந்துவிட்டது!

"கடைசி பத்திக்காகத்தான் எடுத்தாங்களாம்மா" என்று சொல்லிவிட்டு என்னையே பார்க்கிறாள். நான் மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். டம்ளர் நிறைந்து மேசையெல்லாம் மோர். கோயம்புத்தூர்க்காரர்கள் ரசனை என்ன ரசனையோ! மேலே அவ்வளவு அழகாக எழுதியிருக்கிறாள், அதை விட்டுவிட்டு. அவளுக்கு விஷயம் தெரியாது. தெரிந்திருந்தால் கேட்டிருக்க மாட்டாளா?

போய்விட்டாள். ஹாஸ்டலில் இருக்கிறாள். தினமும் காலை ஏழரைக்குக் கூப்பிடுவாள். நல்லாருக்கியாம்மா என்று ஒரு வார்த்தை, அடுத்து வேலைதான். "எம்மா, மொதப் பிரசவத்துக்குப் போற பிள்ள போன்ல என்னத்தக் கேக்கும்?" "எம்மா, ரேஷன் கார்டுல பேரு விட்டுப்போச்சுன்னா நீ மொதல்ல யார்கிட்டப் போவ?" எனக்கோ அடுப்பில் பால். ஆனாலும் கேட்டால் சொல்லாமல் இருக்க முடியுமா? முதல் பிரசவத்துக்குப் போகிற பிள்ளை கேட்க நினைத்ததைக் கேட்காது, வேறு எதையாவது கேட்கும், அதுதான் நீ கவனிக்க வேண்டியது என்று அரைமணி நேரம் சொல்வேன். பால் பொங்கிவிடும். போனை வைத்துவிட்டு, ஆண்டவரே இந்த வேலையிலிருந்து அவளை மீட்டுக்கொண்டுவாரும் என்று ஜெபிப்பேன். பாவம், ஒவ்வொன்றுக்கும் என்னைக் கேட்க வேண்டியிருக்கிறது என்றால் அவளுக்கு அந்த வேலை எப்படி நிலைக்கும்? ஒன்பதாம் வகுப்புக்காரியிடம் எத்தனை நாள் கேட்டுக்கொண்டிருப்பாள்?

ஜெபம் கேட்கப்பட்டது. போன செவ்வாய்க்கிழமை தாளாளர் ஐயா கையெழுத்தோடு கடுதாசி வந்துவிட்டது. நிரந்தர இடம். கணக்கு டீச்சர் கெசியா. நாலு வருஷம் நான் கேட்டது, இதோ என் மடியில் இருக்கிறது. சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் அவள் இதிலேயே கையெழுத்துப் போட்டு ஆபீஸில் சேர்க்க வேண்டும். தவறினால் வரிசையில் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். போனில் சொன்னேன். "அடுத்த பிள்ளைக்கே குடுக்கச் சொல்லும்மா. அவளும் பாவம், ஆறு வருஷமாக் காத்திருக்கா" என்றாள். கேட்டீர்களா? நேற்று ராத்திரியே புளியோதரை கிளறி வைத்துவிட்டேன். நேரில் போய் முன்னால் நின்றால் போடாமல் இருக்க மாட்டாள். என் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல அவளுக்கு வராது. அது எனக்குத் தெரியும். நாளைக்குக் காலையில் கையெழுத்து, மத்தியானம் பஸ், சனிக்கிழமை பத்து மணிக்கு நான் ஆபீஸ் வாசலில்.

விருதுநகரா இது? நிற்கிறதே. எத்தனை நிமிஷம் நிற்கும்?

என்ன கேட்டீர்கள்? அந்த ஆஸ்பத்திரி மிஷினா? ஆமா, திங்கள்கிழமையிலிருந்து பேசுகிறதாம். நம்பர் அனுப்பியிருக்கிறாள், "ஒரு தடவ கூப்பிட்டுப் பாரேம்மா" என்று நாலு நாளாகக் கெஞ்சுகிறாள். நான் கூப்பிடவில்லை. எதற்கு? வேண்டாத வேலையைக் காதால் வேறு கேட்க வேண்டுமா? நீங்கள் கேட்க வேண்டும் என்றால்... சரி, பஸ்ஸும் சும்மாதான் நிற்கிறது. இந்தாருங்கள், நீங்களே போட்டுக் கொடுங்கள். சத்தமாக வையுங்கள். என்ன சொல்ல? நான்தான் நோயாளி என்று சொல்லட்டுமா? பொய் ஆகாதா? வயசு அறுபத்தெட்டு என்று சொல்கிறேன். ஆண்டவர் மன்னிக்கட்டும்.

"ஹலோ. ஆமாம்மா, ஆபரேஷன் விஷயமாத்தான்."

கேட்டீர்களா? 'நான் டாக்டர் இல்லம்மா' என்கிறது. எடுத்த எடுப்பிலேயே. சும்மா இருங்கள், பேசுகிறது.

"இடது கண்ணு."

எந்தக் கண் என்று கேட்டது தங்கச்சி. இடதா வலதா என்று. நீங்களும் கேட்டீர்கள்தானே?

"காலைல காப்பி குடிக்கலாமா? ...ஆமா, சுகர் உண்டு. மாத்திரையும் உண்டு." கேட்டுவிட்டது, மாத்திரையைக் கேட்டுவிட்டது. பாருங்கள், டாக்டரிடம் கேட்க வேண்டிய நம்பரையும் சொல்கிறது. எவ்வளவு நிதானம். இல்லை, அழவில்லை, சன்னல் தூசி.

"எனக்கு வயசு அறுபத்தெட்டும்மா. வீட்ல யாருமில்ல. தனியாத்தான் வருவேன்."

என்னது?

என்ன சொல்லிற்று இப்போது? 'சரிம்மா, ஏழு மணிக்கு வந்துருங்க'? தனியாக வருகிறேன் என்கிறேன், சரி என்கிறதே! வைத்துவிட்டது! அது எப்படி சரி? ஒரு கண்ணில் கட்டைப் போட்டு அனுப்பினால் அந்த வயசான அம்மா மாதிரி ஆள் எப்படி ஊருக்குப் போகும்? யார் கையைப் பிடிப்பார்கள்? இதைக் கேட்கச் சொல்ல வேண்டாமா? யார் இதை விட்டது? நான்தான் விட்டேன் தங்கச்சி. அன்றைக்குத் தண்ணீர் நின்றுவிட்டது, அவசரத்தில் இதை எழுதாமல் விட்டுவிட்டேன். திங்கள்கிழமையிலிருந்து எத்தனை பேரிடம் சரி, சரி என்று சொல்லியிருக்கும்?

அந்தப் பேனாவைக் கொடுங்கள். இப்போதே எழுதினால்தான். நாளைக்கு அவளைப் பார்க்கையில் எனக்கு வார்த்தை மாறிப்போகும். தாள் இருக்கிறதா? டிக்கெட்டில் எங்கே இடம்? இருங்கள், இதில் இருக்கிறது. அட்டை கீழே விழுந்துவிட்டது, கிடக்கட்டும், பிறகு எடுக்கலாம். பஸ் கிளம்பிவிட்டதே, கை ஆடுகிறது.

என்ன? ஆமா, அந்தக் கடுதாசிதான். பின்பக்கம் சும்மாதானே கிடக்கிறது. இது பெரிதாக இருக்கிறது, மடியில் நிற்கவில்லை. இப்படி இரண்டாக மடித்துக்கொள்கிறேன். ம். இப்போது ஆடவில்லை. இந்த ஓரத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். சொல்லிக்கொண்டே எழுதுகிறேன், விட்டுப்போனால் நீங்கள் சொல்லுங்கள்.

"தனியாக வருகிறேன் என்று சொன்னால், உடனே சரி என்று சொல்லாதே. முதலில், திரும்பிப் போகும்போது கையைப் பிடிக்க யார் இருக்கிறார்கள் என்று கேள்."